கறுப்பு வயர் கிரவுண்ட் இல்லை: பழைய விஜிஏ கேபிளில் வயர்களைக் கண்டுபிடித்த பதிவு

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று பட்டைகளும் வரிசை மாறாமல் வந்துவிட்டன. காயலான் கடையில் 30 ரூபாய்க்கு எடுத்த விஜிஏ கேபிளின் (கணினியை மானிட்டரோடு இணைக்கும் பழைய வகை கேபிள்) ஒரு முனையை அறுத்து, உள்ளே இருக்கும் வயர்களை ஈஎஸ்பி32 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சால்டர் செய்து மானிட்டரை ஓட்டுவதுதான் வேலை. மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது. ஒழுங்காகச் செய்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று தேடியதிலும், தேடிக் கண்டுபிடித்ததைக் கடைசி நேரத்தில் மதிக்காமல் விட்டதிலும்தான் மீதி நேரம் போனது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், தவறுகளையும் சேர்த்து.

கேபிள் ஒன்றரை மீட்டர், இரண்டு பக்கமும் ஆண் பிளக். ஒரு பிளக்கில் இரண்டு பின்கள் வளைந்து உள்ளே அமுங்கிவிட்டன, அதனால்தான் குப்பைக்கு வந்திருக்கிறது. இன்னொரு பிளக் நன்றாக இருந்தது. மேலுறையில் ஏடபிள்யூஎம் 20276, 80 டிகிரி, 30 வோல்ட், 28 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த எழுத்திலிருந்து உறை தாங்கும் வெப்பமும் மின்னழுத்தமும் வயரின் தடிமனும் தெரியும். எந்த நிறம் எந்தப் பின் என்பது ஒருநாளும் தெரியாது. 30 வோல்ட் என்று போட்ட கேபிளை வீட்டு மின்சாரத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் இழுக்கக் கூடாது. பழைய கணினி கேபிளை டேபிள் லாம்ப்புக்குப் போட்டிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். அது ஆபத்து.

விஜிஏ கேபிள்களை வியாபாரத்தில் 3+4, 3+6, 3+9 என்று சொல்வார்கள். முதல் எண் கோஆக்சியல் வயர்களின் (நடுக்கம்பியைச் சுற்றி இன்னொரு கடத்தி ஓடும் வயர்) எண்ணிக்கை. சிவப்பு, பச்சை, நீலம் சிக்னலுக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று. அடுத்த எண் சாதாரண மெல்லிய வயர்கள் எத்தனை என்பது. அறுப்பதற்கு முன்பே கடைக்காரர் சொல்லிவிட்டால் நல்லதுதான். காயலான் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அறுத்து எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

அறுப்பதற்கு முன் பிளக்கின் முகத்தைப் பார்த்து ஒரு விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்று 15 இடங்கள் இருக்கின்றன. ஆனால் பின்கள் 14தான். நடு வரிசையில் ஒரு இடம் காலி. அது 9-ஆம் பின்னின் இடம். பழைய ஏற்பாட்டில் பிளக்கை மாற்றிச் சொருகாமல் இருக்க அந்த இடத்தை அடைத்து வைத்தார்கள். பிறகு அதே பின் 5 வோல்ட் கொண்டுபோகப் பயன்பட்டது. நிறைய கேபிள்களில் இன்றும் அது இல்லை. இந்தக் காலி இடம் பின்னால் பெரிய உதவி செய்தது.

பின்களின் வேலை இதுதான்: 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். 6, 7, 8 முறையே அந்த மூன்றின் கிரவுண்ட் (மின்சாரம் திரும்பி வரும் வழி). 13 ஹெச்-சிங்க், 14 வி-சிங்க் (ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு முழுப் படமும் எப்போது தொடங்குகிறது என்று மானிட்டருக்குச் சொல்பவை). 5-உம் 10-உம் கிரவுண்ட். 12-உம் 15-உம் மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தைக் கணினிக்குச் சொல்லும் தரவு வயரும் கிளாக் வயரும். 4-உம் 11-உம் 1987-இல் ஐபிஎம் விஜிஏவை வெளியிட்ட காலத்தில் மானிட்டர் வகையை அடையாளம் காட்ட வைத்தவை. பிறகு அந்த வேலை 12-க்கும் 15-க்கும் போய்விட்டதால், இப்போதைய கேபிள்களில் 4-லும் 11-லும் பெரும்பாலும் வயரே இருக்காது. பின் இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. இது தெரியாவிட்டால், வயரைத் தேடும்போது மல்டிமீட்டர் சத்தம் போடாத ஒவ்வொரு முறையும் "வயர் அறுந்திருக்கிறது" என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்போம்.

கெட்டுப்போன பிளக்கிலிருந்து 15 செ.மீ. விட்டு சைட் கட்டரால் அறுத்தேன். பிளக்கை ஒட்டி அறுக்காமல் இவ்வளவு நீளம் விட்டதற்குக் காரணம் உண்டு. அந்தத் துண்டும் அதே நிறங்களோடு இருக்கும், மேலுறையை எப்படி உரிப்பது என்று அதில் பழகலாம். பழகாமல் நேராக நல்ல கேபிளில் பிளேடை வைத்ததில் முதல் 8 செ.மீ. வீணானது. நீளவாக்கில் பிளேடை இழுத்தேன், அது வெள்ளை வயரின் உறையைக் கீறிவிட்டது. கீறிய வயரை டேப் சுற்றிப் பயன்படுத்துவது வேண்டாத வேலை. உள்ளே இருப்பது தலைமுடி போன்ற இழைகள், கீறிய இடத்தில் இரண்டு மூன்று இழை அறுந்திருந்தால் நாளைக்கு வளையும்போது மீதியும் போகும். அந்த 8 செ.மீட்டரையும் வெட்டிப் போட்டேன்.

இரண்டாம் முறை செய்தது: உரிக்க வேண்டிய இடத்தில் பிளேடை வைத்துக் கேபிளைச் சுற்றி உருட்டினேன், உறையின் முக்கால் ஆழம் மட்டும். முழுதும் அறுக்கவில்லை. பிறகு அந்த இடத்தில் நான்கு திசையிலும் மடித்து வளைத்தால் மீதி கால்பங்கு தானாகப் பிளக்கும். உறையை அப்படியே இழுத்துவிடலாம். 6 செ.மீ. உரித்தால் போதும்.

உள்ளே முதலில் வெளிப் பின்னல், அதற்குள் அலுமினியத் தாள், தாளை ஒட்டி உறையில்லாத ஒரு கம்பி. இந்த வெறும் கம்பியைத்தான் டிரெய்ன் வயர் என்பார்கள். வெளிப் பின்னலைத் திரித்து ஈயம் வைக்கப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவியும் ஈயம் உருண்டு உருண்டு விழுந்தது. மலிவான கேபிள்களில் இந்தப் பின்னல் செம்பு இல்லை, அலுமினியக் கலவை. சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. டிரெய்ன் வயர் ஈயம் பூசிய செம்பு, அது பின்னலையும் தாளையும் கேபிளின் முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டே வருகிறது. சால்டர் செய்ய அதுவே போதும். பின்னலையும் தாளையும் உறையின் விளிம்போடு வெட்டிவிட்டேன்.

மிச்சம் எண்ணியதில் கோஆக்சியல் மூன்று (மேலே சிவப்பு, பச்சை, நீலம்), மெல்லிய வயர் ஆறு (வெள்ளை, கறுப்பு, பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், சாம்பல்). ஆக 3+6 வகை.

கோஆக்சியலை உரிப்பதில்தான் கை நிதானம் வேண்டும். வெளி விட்டம் 2 மி.மீ. கூட இல்லை. உள்ளே நடுக்கம்பியைச் சுற்றி பாலித்தீன், அதைச் சுற்றி மெல்லிய செம்பு இழைகள் சுருளாகச் சுற்றியிருக்கும். மேல் உறையை 15 மி.மீ. உரித்து, செம்பு இழைகளை அவிழ்த்து ஒரு பக்கமாகத் திரித்து, நடு பாலித்தீனை 5 மி.மீ. மட்டும் உரித்தேன். திரிக்கும்போது ஒரே ஒரு இழை விலகி நடுக்கம்பியைத் தொட்டாலும் அந்த நிறம் திரையில் வராது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது அதிகப்படியான ஜாக்கிரதை இல்லை.

இனி மீட்டர். கன்டினியுட்டியில் (இரண்டு முனைக்கும் இடையே இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வைத்தால் சத்தம் கொடுக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்ததில் 0.3 ஓம் காட்டியது. அது புரோப் வயரின் மின்தடை, இனி வரும் ஒவ்வொரு அளவிலும் கழிக்க வேண்டியது. 28 ஏடபிள்யூஜி செம்பு ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் அளவில் வரும். கையில் இருந்தது கிட்டத்தட்ட 1.25 மீட்டர். ஆகவே நல்ல வயர் ஒவ்வொன்றும் மீட்டரில் 0.5-இலிருந்து 0.6 ஓம் வரை காட்ட வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. சில மீட்டர்கள் 30 ஓமுக்குக் கீழே போனாலே சத்தம் போடும், சிலது 50 ஓமுக்கே. பாதி அறுந்த வயரும் அதில் "நல்ல வயர்" ஆகிவிடும். சத்தம் கேட்டதும் திரையில் எண்ணையும் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல், புரோப் முனை பின்னைவிடத் தடிமன். 14 பின்னும் ஒரு சிறிய உலோகக் கூட்டுக்குள் நெருக்கமாக நிற்கின்றன. புரோப் சரிந்தால் பக்கத்துப் பின்னையோ கூட்டையோ தொட்டுவிடும், தப்பான சத்தம் வரும். பிரெட்போர்டுக்குப் பயன்படுத்தும் பெண் முனை ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து, அதன் கறுப்பு பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் உலோகத் துண்டின் மேல் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். அது விஜிஏ பின்னின் மேல் இறுக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. ஜம்பரின் மறுமுனையை முதலைக் கிளிப்பால் மீட்டரின் கறுப்பு புரோப்பில் பிடித்துவிட்டால் ஒரு கை மிச்சம். சிவப்பு புரோப்பால் அறுத்த முனையில் ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டு போகலாம். ஜம்பர் இல்லாதவர்கள் தையல் ஊசியை புரோப்பில் செம்புக் கம்பியால் கட்டிக்கொள்ளலாம், கொஞ்சம் நடுக்கமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

முதலில் பிளக்கின் வெளிக் கூட்டைத் தொட்டு எல்லா வயரையும் பார்த்தேன். டிரெய்ன் வயர் மட்டும் சத்தம் கொடுத்தது. அப்படியென்றால் இந்தக் கேபிளில் கிரவுண்ட் பின்கள் கூட்டோடு இணைக்கப்படவில்லை. மலிவான கேபிள்களில் 5, 6, 7, 8, 10 எல்லாவற்றையும் பிளக்குக்குள்ளேயே டிரெய்னோடு ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். அப்போது கூட்டைத் தொட்டாலே ஐந்தாறு வயர் சத்தம் போடும். அந்தக் கேபிளில் எந்தக் கிரவுண்ட் எந்தப் பின் என்று தனித்தனியாகத் தேடுவதில் அர்த்தமில்லை.

பிறகு ஒவ்வொரு பின்னாக. இதில் ஒரு பழக்கம் அவசியம்: ஒரு பின்னுக்கு ஒரு வயர் சத்தம் கொடுத்ததும் அடுத்த பின்னுக்குத் தாவக் கூடாது. மீதி வயர்களையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே பின்னில் இரண்டு வயர் இருக்கலாம், உள்ளே இரண்டு வயர் ஒட்டியும் இருக்கலாம். 14 பின், 13 கடத்திகள், மொத்தம் 182 முறை தொட வேண்டும். எண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் கால் மணி நேரம்தான்.

முதல் அட்டவணை தப்பாக வந்தது. சிவப்பு கோஆக்சியலின் நடுக்கம்பி 5-ஆம் பின்னில் வந்தது, பச்சை 4-இல் வந்தது. ஆனால் நீலம் 3-இல், சரியாக. நீலத்தின் கிரவுண்டும் 8-இல், சரியாக. வெள்ளை வயர் 13. இப்படிப் பாதி பொருந்திப் பாதி பொருந்தாமல் இருந்ததால், கேபிளே வேறு ஏதோ சொந்த முறையில் கட்டப்பட்டதோ என்று இருபது நிமிடம் சந்தேகப்பட்டேன். காரணம் எளிது. கையில் இருந்த படம் பெண் சாக்கெட்டின் முகம். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆண் பிளக்கின் முகம். இரண்டும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியவை. அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால், ஆண் பிளக்கில் 1-ஆம் பின் மேல் வரிசையின் இடது ஓரம். பெண் சாக்கெட்டில் அதுவே வலது ஓரம். பின்னாலிருந்து, சால்டர் செய்யும் பக்கம் பார்த்தால் மறுபடியும் மாறும்.

வரிசைக்கு ஐந்து இடம் இருப்பதால், இடம் வலம் மாறினாலும் நடு நெடுவரிசையில் இருக்கும் 3, 8, 13 மாறுவதே இல்லை. 1 போய் 5 ஆகும், 2 போய் 4 ஆகும், 12 போய் 14 ஆகும். நீலமும் ஹெச்-சிங்க்கும் எப்போதும் சரியாகவே காட்டும். அதனால்தான் இந்தத் தவறு சட்டென்று பிடிபடாது. காலியாக இருந்த பின்தான் காப்பாற்றியது. என் தப்பான கணக்குப்படி அது 7-ஆம் இடம், அதாவது பச்சையின் கிரவுண்ட். பச்சைக்குக் கிரவுண்ட் இல்லாத விஜிஏ கேபிள் என்று ஒன்று கிடையாது. ஆண் பிளக்கை அகலப் பக்கம் மேலாகப் பிடித்தால் காலி இடம் நடு வரிசையில் இடமிருந்து நான்காவதாக இருக்க வேண்டும். அப்படி வந்தால் படமும் பிளக்கும் ஒரே பக்கம் பார்க்கின்றன.

திருத்திய அட்டவணை:

1 – சிவப்பு கோஆக்சியல் நடு, 6 – அதன் சுற்று இழை
2 – பச்சை கோஆக்சியல் நடு, 7 – அதன் சுற்று இழை
3 – நீல கோஆக்சியல் நடு, 8 – அதன் சுற்று இழை
5 – பழுப்பு
10 – ஆரஞ்சு
12 – மஞ்சள்
13 – வெள்ளை
14 – கறுப்பு
15 – சாம்பல்
4, 11 – வயர் இல்லை
9 – பின் இல்லை
வெளிக் கூடு – டிரெய்ன் வயர்

இது இந்த ஒரு கேபிளுக்கு மட்டும். இதைப் பார்த்து இன்னொரு கேபிளில் சால்டர் வைக்கக் கூடாது. விஜிஏ கேபிளின் மெல்லிய வயர்களுக்கு எல்லாத் தயாரிப்பாளரும் பின்பற்றும் நிற வரிசை என்று ஒன்று இல்லை. கோஆக்சியல் மூன்றும் நிறத்துக்கு ஏற்றபடி வந்ததைப் பார்த்து மற்றதும் அப்படியே இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. நான் விழுந்த குழி அதுதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிளக்கைத் தொடவே முடியாத நிலையில், அல்லது அட்டவணையை இன்னொரு வழியில் சரிபார்க்க, ஒரு நல்ல உபாயம் உண்டு. மானிட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபிளின் நல்ல பிளக்கை மானிட்டரில் சொருகி, அறுத்த முனையில் கோஆக்சியலின் நடுவுக்கும் அதன் சுற்று இழைக்கும் இடையே ஓம் அளந்தால் ஏறக்குறைய 75 ஓம் வர வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மானிட்டருக்குள் 75 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போட்டிருக்கிறது. எனக்கு மூன்றும் 75-க்கும் 76-க்கும் நடுவில் வந்தது. சிங்க் வயர்களில் இப்படி வராது, கிலோ ஓம் கணக்கில் காட்டும். எது வீடியோ வயர், எது சிங்க் வயர் என்று பிரிக்க இது ஒன்றே போதும். மறந்துபோய் கேபிளை மானிட்டரில் சொருகிய நிலையிலேயே கன்டினியுட்டி தேடினால் மட்டும் குழப்பம்தான், எல்லாக் கிரவுண்டும் மானிட்டருக்குள் ஒன்றாகிவிடும்.

சால்டரிங்குக்கு 320 டிகிரி வைத்தேன், 63/37 ஈயம், 0.8 மி.மீ. கம்பி. மெல்லிய வயர்கள் பிரச்சினையே இல்லை. பச்சை கோஆக்சியலில் அயனை நான்கு ஐந்து விநாடி பிடித்துவிட்டேன். பாலித்தீன் 110 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். நடுக்கம்பி சூடாகி, இளகிய பாலித்தீனுக்குள் சரிந்து, சுற்று இழையைத் தொட்டுவிட்டது. வெளியே பார்த்தால் சால்டர் பளபளவென்று நன்றாகவே இருந்தது. மானிட்டரில் சொருகாமல் நடுவுக்கும் சுற்றுக்கும் அளந்ததில் 0.4 ஓம். இங்கே மீட்டர் எல்லை தாண்டி, அதாவது இணைப்பே இல்லை என்று, காட்டியிருக்க வேண்டும். 2 செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி உரித்தேன். இந்த முறை மூன்று மாற்றம்: நடுக்கம்பிக்கும் போர்டின் துளைக்கும் தனித்தனியாக முன்பே ஈயம் பூசிக்கொண்டேன், இரண்டையும் சேர்த்து இரண்டு விநாடிக்குள் எடுத்துவிட்டேன், பாலித்தீன் தொடங்கும் இடத்தை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டேன். குறடு சூட்டை இழுத்துக்கொள்ளும். சுற்று இழையின் மேல் ஸ்லீவ் போட்டுச் சுருக்கினேன், பக்கத்து வயரைத் தொடாமல் இருக்க.

ஈஎஸ்பி32 பக்கம், அதிலிருந்து விஜிஏ படம் கொடுக்க உதவும் ஃபேப்ஜிஎல் என்ற மென்பொருள் லைப்ரரியின் எட்டு நிற இணைப்பு முறை: ஜிபிஐஓ (போர்டின் சிக்னல் பின்) 22 சிவப்பு, 21 பச்சை, 19 நீலம், 18 ஹெச்-சிங்க், 5 வி-சிங்க். நிறம் மூன்றுக்கும் தலா 270 ஓம் ரெசிஸ்டர். 3.3 வோல்ட் இந்த 270-ஐயும் மானிட்டரின் 75-ஐயும் கடக்கும்போது மானிட்டருக்குக் கிடைப்பது 0.72 வோல்ட். விஜிஏ எதிர்பார்ப்பது 0.7. சிங்க் வயர்களை நேராகவே இணைக்கலாம் என்றாலும், வயர் எதுவென்று நூறு சதவீதம் உறுதியாகும் வரை ஒவ்வொன்றிலும் 100 ஓம் போட்டு வைத்தேன். அது போட்டதால்தான் போர்டு பிழைத்தது.

மின்சாரம் கொடுத்ததும் மானிட்டர் ஒரு நொடி விழித்து, விளக்கு ஆரஞ்சுக்கு மாறித் தூங்கிவிட்டது.

"கேபிள் இணைக்கப்படவில்லை" என்ற அறிவிப்பும் வரவில்லை. சில மானிட்டர்கள் கிரவுண்ட் பின்களில் ஒன்றைப் பார்த்துத்தான் கேபிள் சொருகியிருக்கிறதா என்று முடிவு செய்கின்றன, அந்தப் பின் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஹெச்-சிங்க் வந்து வி-சிங்க் வராவிட்டால் மானிட்டர் அதைத் தூங்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மின்சேமிப்புக்கான விதியே அப்படி. ஆகவே தேட வேண்டியது சிங்க் இரண்டில் ஒன்றை.

இதற்கு ஆசிலோஸ்கோப் தேவையில்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தால் அது சராசரியைக் காட்டும், அந்தச் சராசரியே போதும். 640x480, 60 ஹெர்ட்ஸ் முறையில் இரண்டு சிங்க்கும் பெரும்பாலான நேரம் மேலே இருந்து, சிறிது நேரம் மட்டும் கீழே இறங்கும். ஹெச்-சிங்க் ஒவ்வொரு 800 புள்ளிகளிலும் 96 புள்ளி நேரம் கீழே இருக்கும். எனவே சராசரி 3.3-இல் 88 சதவீதம், 2.9 வோல்ட். வி-சிங்க் 525 வரிகளில் 2 வரி நேரம்தான் கீழே. சராசரி 3.29, மீட்டரில் 3.3 போலவே தெரியும். போர்டின் கிரவுண்டிலிருந்து அளந்தேன். ஹெச்-சிங்க் வயரில் 2.88. வி-சிங்க் வயரில் 0.00.

வயரைப் பார்த்தேன். ஆரஞ்சு. அட்டவணையில் ஆரஞ்சு 10-ஆம் பின், கிரவுண்ட். கறுப்பு எங்கே என்று தேடினால், கிரவுண்ட் வரிசையில் பழுப்போடும் சுற்று இழைகளோடும் ஒன்றாகச் சால்டர் ஆகியிருக்கிறது. கிரவுண்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று தொடங்கியபோது, கறுப்பும் கிரவுண்டுதான் என்று கை தானாகப் போய்விட்டது. பேட்டரி வயர், அடாப்டர் வயர், எஸ்எம்பிஎஸ் (கணினி பவர் சப்ளை) வயர் எல்லாவற்றிலும் கறுப்பு கிரவுண்டாகவே இருந்து பழகிய கை. கடைசியில் மிஞ்சிய ஆரஞ்சை வி-சிங்க் என்று வைத்தாயிற்று. அட்டவணை எழுதிய காகிதம் பக்கத்திலேயே கிடந்தது. ஜிபிஐஓ 5 முழு நேரமும் கிரவுண்டோடு இணைந்திருந்தது. 100 ஓம் இருந்ததால் அதிகபட்சம் 33 மில்லி ஆம்பியர்தான் ஓடியிருக்கும். அது இல்லாமல் இருந்தால் அந்தப் பின் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கறுப்பையும் ஆரஞ்சையும் இடம் மாற்றியதும் படம் வந்தது.

நிறங்களைச் சோதிக்க முழுத் திரையையும் ஒரு நிறத்தில் நிரப்பிப் பார்ப்பதுதான் சிறந்த வழி. முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம். முழுச் சிவப்பு ஓடும்போது சிவப்பு வயரில் டிசி அளந்தால் 0.5 வோல்ட் சுற்றி வரும், ஏனென்றால் வரியின் ஓரங்களிலும் திரையின் மேல் கீழ் இடைவெளியிலும் சிக்னல் சுழியம். அங்கே 2.4 வோல்ட் காட்டினால், வயர் மானிட்டரின் 75 ஓமைப் போய்ச் சேரவில்லை. எங்கோ அறுந்திருக்கிறது. நிறம் வெளிறியதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சண்டை போடுவதைவிட இந்த எண் தெளிவானது.

மஞ்சளையும் சாம்பலையும் இணைக்கவில்லை. மானிட்டர் ஓடும்போது அளந்ததில் இரண்டும் கிரவுண்டிலிருந்து 5 வோல்ட்டை ஒட்டி நின்றன. ஈஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. மானிட்டரின் விவரத்தைப் படிக்க வேண்டுமானால் நடுவில் லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட்டுக்கு மாற்றும் சிறு சர்க்யூட்) போட்டுத்தான் படிக்க வேண்டும். இப்போதைக்கு இரண்டுக்கும் தனித்தனி ஸ்லீவ் போட்டு மடித்து வைத்திருக்கிறேன். வெட்டி எறிந்தால் பிறகு வேண்டும்போது கிடைக்காது.

உரித்த பகுதி கடைசியில் நான்கு செ.மீ. அளவில் நின்றது. 25.175 மெகாஹெர்ட்ஸ் புள்ளி வேகத்தில் அதனால் எழுத்துகளில் நிழல் எதுவும் தெரியவில்லை. கேபிளைப் போர்டோடு இரண்டு கேபிள் டையால் இறுக்கினேன். இதை விட்டுவிட்டால் மேஜையை நகர்த்தும் முதல் நாளே கோஆக்சியல் பிய்ந்துவரும்.

செலவு: கேபிள் 30, ஈஎஸ்பி32 போர்டு 450, துளை போர்டு 25, ரெசிஸ்டர் ஐந்தும் சேர்த்து 10, ஸ்லீவ் 20. மொத்தம் 535 ரூபாய். மீட்டரும் அயனும் ஏற்கெனவே இருந்தவை.

அடுத்த முறை மாற்றப்போவது சில உண்டு. மானிட்டருக்குப் படம் கொடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் கேபிளை அறுக்கவே மாட்டேன். 15 பின் பெண் சாக்கெட் ஒன்றை வாங்கிப் போர்டில் வைத்துவிட்டால் எந்த விஜிஏ கேபிளையும் சொருகலாம், நிறத்தைத் தேட வேண்டியதே இல்லை. பிளக் கெட்டுப்போன கேபிள் கையில் இருந்தால் மட்டுமே இந்த வழி லாபம். அறுத்தால், ஒவ்வொரு வயரிலும் பின் எண் எழுதிய துண்டு டேப்பை அளந்த அந்த நிமிடமே ஒட்டிவிடுவேன், காகிதத்தில் எழுதுவதோடு நிறுத்த மாட்டேன். சால்டர் வைக்கும்போது கண் வயரைத்தான் பார்க்கிறது, காகிதத்தைப் பார்ப்பதில்லை. கிரவுண்டைக் கடைசியில் சால்டர் செய்வேன், முதலில் இல்லை. சிக்னல் வயர்கள் ஐந்தும் இடம் பிடித்த பிறகு மிஞ்சியதை மீட்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக் கிரவுண்டில் சேர்த்தால் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை.

இதே முறை மற்ற கேபிள்களுக்கும் செல்லும், சிறு வித்தியாசங்களோடு. யுஎஸ்பி 2.0 கேபிளில் வழக்கமான நிறம் சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ், கறுப்பு கிரவுண்ட். பிளக்கில் அதே வரிசையில் 1, 2, 3, 4. ஆனால் பழைய மவுஸ், கீபோர்டு கேபிள்களில் இந்த நிறங்கள் இல்லாமலும் வரும், அங்கேயும் பிளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். தப்பினால் படம் வராமல் போவதோடு நிற்காது, 5 வோல்ட் டேட்டா வயரில் ஏறிவிடும். பிஎஸ்/2 கீபோர்டில் (வட்ட பிளக் உள்ள பழைய வகை) ஆறு பின் இருந்தாலும் வயர் நான்குதான்: 1 டேட்டா, 3 கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட், 5 கிளாக். மற்ற இரண்டில் சத்தம் வராது, அது கோளாறு இல்லை. பழைய மவுஸ் கேபிள்களில் இன்னொரு தொல்லை, சில வயர்கள் நூலைச் சுற்றிய மெல்லிய தகடாகவோ, வார்னிஷ் பூசிய இழையாகவோ இருக்கும். புரோப்பை அழுத்தி வைத்தாலும் சத்தம் வராது. முனையைப் பிளேடால் லேசாகச் சுரண்டியோ, உருகிய ஈய உருண்டையில் சில விநாடி தோய்த்தோ எடுத்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

மீதமிருந்த 15 செ.மீ. துண்டையும் வைத்திருக்கிறேன், அடுத்த கோஆக்சியலை உரிக்கும் முன் கை பழக. போர்டில் இணைந்த கேபிளின் பிளக் கழுத்தில் அட்டவணையைச் சிறு எழுத்தில் எழுதிச் சுற்றி, மேலே வெளிப்படையான டேப் ஒட்டியாயிற்று. 14-க்கு எதிரே கறுப்பு என்று சிவப்பு மையில்.